காத்துப் புகாத வண்டி

ஏறுங்க, ஏறுங்க, யோசிக்காதீங்க. காசா கேட்கப்போறேன்? மேகாத்து மண்ணை வாரிக் கண்ணுல அடிக்குது. நீங்க பாவம், பையை மூஞ்சிக்கு நேரா புடிச்சுக்கிட்டு நிக்கறீங்க. பஸ் வர்ற வரைக்கும் உள்ள உட்காருங்க. முன்னாடியே உட்காருங்க. அது என்ற வீட்டுக்காரி சீட்டுதான், அவ தண்ணிக்குப் போயிருக்கறா. கதவைச் சாத்துங்க. அப்படி இல்லீங்க, அடிச்சுச் சாத்தணும். இன்னும். ஓங்கி. ஆங்.

இப்பக் கேளுங்க. என்ன கேட்குது? ஒண்ணும் கேட்கலை, இல்லீங்களா? அதுதானுங்க விசயம். அங்க பாருங்க, கரண்டு எடுக்கற காத்தாடியெல்லாம் பேய் புடிச்ச மாதிரி சுத்துது. ஒரு பொட்டுச் சத்தம் வருதா? அந்த எளநிக்கடைக்காரன் ஓலையைப் புடிச்சுக்கிட்டுத் தாண்டவம் ஆடறான். நமக்கு என்ன? வெளிக்காத்து ஒரு பொட்டு உள்ள வராது, உள்குளிர் ஒரு பொட்டு வெளிய போகாது. அந்தக் குளிர் வர்ற ஓட்டைக்கு நேரா கையை வெச்சுப் பாருங்க. எப்படி? உங்க வயசுக்கு மூத்த அம்பாசிடருங்க இது. கம்பெனியில இருந்து வந்தப்போ ஏசியாவது ஒண்ணாவது. எல்லாம் நான் வெச்சது.

திருப்பூருக்கா போகணும்? அட, நாங்களும் திருப்பூருக்குத்தானுங்க. என்ற பேத்தியைத் தொட்டில்ல போடறாங்க இன்னைக்கு. பொள்ளாச்சியில இருந்து சுல்தான்பேட்டை வரைக்கும் அம்சமா வந்தேன். இங்க வந்து சூட்டு முள்ளு செவப்புக்குப் போயிருச்சு. ஓரங்கட்டினேன். ரேடியேட்டருக்குத் தண்ணி வேணும், அவ கேனை எடுத்துட்டுப் போனா, என்ற துண்டையும் வாங்கிட்டுப் போனா. மூடி சுடுமில்ல, துண்டை நனைச்சுத்தான் புடிச்சுத் தெறக்கணும். வந்துருவா. வந்தா உங்களையும் கூட்டிட்டே போறேன், பஸ்ஸுக்கு எதுக்குக் காத்துக் கெடக்கறீங்க.

நான் ஏன் எறங்கிப் போகலைன்னு பார்க்கறீங்களா? கீழ என்ற காலைப் பாருங்க. ஆக்ஸிலேட்டர் மேல இருக்குது. எடுத்தேன்னா இஞ்சின் நின்னுபோகும். நின்னா மறுபடி எடுக்கறது அத்தனை சுலபம் இல்லை. ஏசியை நிறுத்துனா முள்ளு எறங்கும்னு சாந்தாமணி சொல்றா. சாந்தாமணிங்கறது வீட்டுக்காரி. ஏசியை நிறுத்திப்போட்டு, வேர்த்து வழிஞ்சுக்கிட்டு, அந்த வாசல்ல போய் எறங்கறதுக்கா நான் ஒரு வருசம் பாடுபட்டேன்? நீங்களே சொல்லுங்க.

கைப்பிடியை இழுக்காதீங்க. அது உள்ள இருந்து வராது. இல்லைங்க, எந்தக் கதவும் வராது. பயப்படாதீங்க, அவ வந்து வெளிய இருந்து தெறப்பா. நாங்க வந்து நின்னப்பவும் ஆரனை அடிச்சேன், எளநிக்கடைக்காரன் ஓடி வந்து அவளுக்குத் தெறந்து விட்டான். கண்ணாடியா? அதுவும் எறங்காது. போன் பண்ணலாம், ஆனா என்ற போனும் அவ பையிலதான் கெடக்குது. அவ நம்பரு எனக்கு எப்படித் தெரியும்? நம்பரெல்லாம் அவதான பார்த்துக்கறா. உட்காருங்க, குளுகுளுன்னு இருக்குது, அப்பறம் என்ன அவசரம்?

நீங்க வாத்தியாருங்களா? அப்படித்தான் நெனைச்சேன். குறுக்க பேச மாட்டேங்கறீங்க.

என்ற பேரு திருமூர்த்தி. நார் மில்லு வெச்சிருக்கறேன், தேங்காய் மட்டையை அடிச்சு நார் எடுக்கற மில்லு. அது இப்ப. அதுக்கு முன்னாடி மாட்டுத் தரகு. உங்க பள்ளிக்கூடத்துப் பக்கமெல்லாம் நான் எட்டிப் பார்த்தது இல்லீங்க, எனக்கு மாட்டுச் சந்தைதான் பள்ளிக்கூடம். அங்க அடி வாங்கித்தான் படிச்சேன். நெசமான அடி. பேச்சுக்குச் சொல்லலை. தீனி எடுக்காம வயிறு ஒட்டிக் கெடந்த மாட்டைத் தண்ணி காட்டி உப்ப வெச்சு என் தலையில கட்டினான் ஒருத்தன், கேட்கப் போனா கன்னத்துல ஒண்ணு வெச்சான். அதுல நான் தெரிஞ்சுக்கிட்டது ஒண்ணே ஒண்ணு. எதிராளி சொல்ற முதல் பேச்சுக்குத் தலையாட்டினா நாம செத்தோம். சாமியே எறங்கி வந்து வரம் தர்றேன்னு சொல்லட்டும், ‘இன்னும் கொஞ்சம் சேர்த்திக் குடு’ன்னுதான் நான் கேட்பேன்.

சந்தையில வெலையை வாயில சொல்ல மாட்டாங்க, தெரியுமில்ல? துண்டை மேல போட்டுக்குவோம். அதுக்கடியில ரெண்டு பேரும் கையைப் புடிச்சுக்குவோம். வெரல்தான் பேச்சு. ஒரு வெரலைப் புடிச்சா ஒண்ணு, முழுக் கையையும் புடிச்சா அஞ்சு. சுத்தி ஊரே நின்னாலும் ரெண்டு பேருக்குத்தான் அது தெரியும். மூஞ்சியில ஒண்ணும் காட்டக் கூடாது. கை துண்டுக்கடியில இருக்கற வரைக்கும் பேரம் உசுரோட இருக்குது. கையை உருவிட்டா அவ்வளவுதான். அப்பறம் அந்த மாட்டை அந்த ஆளுகிட்டப் பேசவே கூடாது. அது சந்தைச் சட்டம். போலீசு கோர்ட்டெல்லாம் அதுக்கப்புறம்தான்.

கல்யாணமான புதுசுல இதைச் சாந்தாமணிக்குச் சொல்லிக் குடுத்தேன். அப்ப ஒத்தை அறை வீடு, அப்பன் ஆத்தா தம்பி தங்கச்சி எல்லாம் அதுலதான். வாய் விட்டு ஒரு பேச்சுப் பேச முடியாது. துண்டைப் போட்டுக் கையைப் புடிச்சுக்குவோம். சினிமாவுக்கு எத்தனை மணி ஆட்டத்துக்குப் போலாம்னு வெரல்லயே கேட்பா, நான் வெரல்லயே சொல்லுவேன். வெடுக்குனு புடிச்சுக்கிட்டா. மூஞ்சியை வெச்சுக்கறதுல என்னையவே மிஞ்சிட்டா. இன்னைக்கு வரைக்கும் அந்த மூஞ்சியில இருந்து நான் ஒண்ணும் படிச்சதில்லைன்னா பார்த்துக்குங்க. அத்தனை கெட்டிக்காரி.

வண்டிக்கு வர்றேன், அவசரப்படாதீங்க. இது எங்க ஊர் பருத்தி ஜின்னிங் ஃபேக்டரி முதலாளி வண்டி. நான் மாட்டை ஓட்டிட்டு ரோட்டுல போறப்போ பின்னால வந்து ஆரன் அடிப்பாங்க பாருங்க, மாடு மெரண்டு சாக்கடையில எறங்கும், மாட்டுக்கு முன்னால நான் எறங்கியிருப்பேன். ஃபேக்டரி நொடிச்சப்பறம் வண்டி கோழி அடையற இடமா ஒரு கொட்டகையில கெடந்துச்சு. போய்ப் பேசி எடுத்தேன். எத்தனைக்கு எடுத்தேன்னு கேட்காதீங்க, கேட்டா உங்களுக்குத் தூக்கம் வராது. வாரத்துக்கு ஒரு மெக்கானிக்கை மாத்தி, சீட்டுத் தச்சு, பெயின்ட் அடிச்சு, குரோமியம் பூசி, கல்யாண மாப்பிள்ளை கணக்கா ஆக்கினேன். கல்யாண மாப்பிள்ளைன்னு சொன்னனே, அங்கதானுங்க வினை.

என்ற புள்ள கோகிலவாணியைத் திருப்பூருக்குக் குடுத்தேன். பனியன் கம்பெனிக்காரங்க. மறுவிருந்துக்கு சம்பந்தி வீட்டாளுகளை நானே போய் இந்த வண்டியில ஏத்திட்டு வந்தேன். சித்திரை வெயில். எங்க வாசல்ல வந்து எறங்கறாங்க, சம்பந்தியம்மாவுக்குப் பட்டுச்சேலை முதுகோட ஒட்டிக் கெடக்குது. எறங்கினதும், அத்தனை ஒறம்பரை சனத்துக்கும் முன்னால சொல்றாங்க: “ஏனுங் சம்பந்தி, காருன்னு சொல்லி இட்லிச் சட்டியில ஏத்திட்டு வந்துட்டீங்களே! யாராச்சும் மூடியைத் தெறந்து வெந்துட்டமான்னு குத்திப் பாருங்க!”

கொல்லுனு சிரிப்பு. ஊரே சிரிக்குது. சமையக்காரன் கரண்டியைப் போட்டுட்டுச் சிரிக்கறான். சிரிச்சுட்டுப் போகட்டும், சந்தையில பார்க்காத சிரிப்பா? ஆனா கோகிலவாணி சிரிச்சா பாருங்க. என்ற புள்ள. புதுச் சேலைத் தலைப்பை வாயில பொத்திக்கிட்டு, அவ மாமியாளுக்குப் பக்கத்துல நின்னு சிரிச்சா. அது எனக்கு இங்க, நடு நெஞ்சுல, இன்னும் அப்படியே நிக்குது.

அன்னைக்கு சாயங்காலமே சொல்லிப்போட்டேன். “இந்த வண்டிக்கு ஏசி வெச்சு, அந்தம்மா உள்ள உட்கார்ந்து பல்லு கிடுகிடுன்னு ஆடற வரைக்கும், அந்த வீட்டு வாசப்படியை நான் மிதிக்க மாட்டேன். என்ற வீட்டுல இருந்து ஒருத்தரும் மிதிக்கக் கூடாது.”

சாந்தாமணி பாத்திரம் கழுவிக்கிட்டே கேட்கறா, “வண்டிக்கு ஏசி வெச்சுருவீங்க. உங்க தலைக்கு எந்தக் கடையில வெக்கறது?”

இப்படித்தானுங்க. வெளையாட்டா பேசுவா. மனசுல ஒண்ணும் வெச்சுக்க மாட்டா.

கோயமுத்தூர் உக்கடத்துல அபுதாகிர்னு ஒரு மெக்கானிக். பழைய வண்டிக்கெல்லாம் ஏசி வெக்கறதுல பேர் போனவன், வாயும் அதே மாதிரி. வண்டியைச் சுத்திச் சுத்தி வந்தான். “அண்ணா, இந்த வண்டிக்கு ஏசி வெக்கறது, எழுபது வயசுக்காரரைக் கபடி ஆட எறக்கற மாதிரிங்ணா. ஆடுவாரு. நல்லாவே ஆடுவாரு. ஆனா பக்கத்துல தண்ணியும் ஆளும் இருக்கோணும்.” கம்ப்ரஸர் வேணும், சரி. குளிரை ஊதறதுக்கு டேஷ்போர்டுக்கடியில ஒரு பெட்டி வேணும், சரி. அதோட விட்டானா? ரேடியேட்டர் பெருசா மாத்தணும், அதுக்கு முன்னால கரண்டு ஃபேன் தனியா வெக்கணும்னு அடுக்கறான். நான் விடுவனா? நாலு சாமான் சொன்னா ரெண்டுல முடிக்கறவன் நான். ரேடியேட்டர் வேண்டாம், ஃபேன் வேண்டாம், இருக்கறதே போதும்னுட்டேன். காலையில ஆரம்பிச்ச பேச்சு, மத்தியானம் டீக்கடைக்குப் போய், மறுபடி பட்டறைக்கு வந்து, அவன் தலையில கை வெச்சு உட்கார்ந்துட்டான்.

“அண்ணா, மாடு வாங்கறப்போ ரெண்டு காலுக்கு மட்டும் வெலை பேசி ஓட்டிட்டுப் போவீங்களா?”

“நடந்தா ஓட்டிட்டுப் போவேன்டா”ன்னேன்.

பட்டறையே சிரிச்சுது. அந்தச் சிரிப்பு நல்ல சிரிப்பு. நம்ம பக்கத்துச் சிரிப்பு.

முள்ளைக் கொஞ்சம் பார்த்துச் சொல்லுங்க, எனக்கு வெயில் அடிக்குது. செவப்புலயேவா? இருக்கட்டும். வந்துருவா.

வேலை இழுத்துச்சுங்க. கம்ப்ரஸரை உட்கார வெக்க இரும்புத் துண்டு கடைஞ்சது சரியில்லை, பெல்ட்டு கீச்சுக் கீச்சுனு கத்துச்சு, கேஸ் ஒழுகுச்சு. ஒவ்வொண்ணுக்கும் அபுதாகிர் ஒண்ணு சொல்லுவான், நான் ஒண்ணு சொல்லுவேன், வண்டி அங்கயே கெடக்கும். இதுக்கு நடுவுல கோகிலவாணி முழுகாம இருக்கறான்னு சேதி வருது. சந்தோசம்தான். வளைகாப்புப் போட்டு, புள்ளையை நம்ம வீட்டுக்குக் கூட்டிட்டு வரோணும், மொதல் பிரசவம் தாய் வீட்டுலதான? சாந்தாமணி அறையைக் கழுவி விட்டு, தொட்டில் சேலையெல்லாம் வெளுத்து மடிச்சு வெச்சுட்டா. “ஏனுங்க, வண்டி வராட்டிப் போகுது. பஸ்ல போய்க் கூட்டிட்டு வந்துரலாமுங்க”ங்கறா.

பஸ்லயா? திருமூர்த்தி பொண்டாட்டி பஸ்ல போய் அந்த வாசல்ல எறங்கறதா? “அந்தம்மா என்ன சொல்லுவா தெரியுமா? இட்லிச் சட்டியும் போச்சான்னு கேட்பா”ன்னு கத்தினேன். கையில இருந்த சொம்பு எங்கயோ போய் விழுந்துச்சு. கோவம் வந்தா எனக்குக் கை நிக்காதுங்க, அப்பறம் நானே போய் எடுத்து வெச்சுருவேன். “அடுத்த வாரம் வண்டி வந்துரும்”னு சொன்னேன். அவ கேட்கற போதெல்லாம் அதைத்தான் சொன்னேன். பொய் இல்லைங்க. அபுதாகிர் என்கிட்டச் சொன்னதைத்தான் நான் அவகிட்டச் சொன்னேன்.

ஒரு வழியா ஏசி ஓடுச்சு. ஓடுது, ஆனா குளிரலை. ஏன்னு பார்த்தா, பழைய வண்டி, சல்லடைங்க. பிரேக் மிதிக்கற கட்டைக்குப் பக்கத்துல ஓட்டை, தரையில ஓட்டை, கதவு ஓரமெல்லாம் சந்து, முன்னால அந்தச் சின்ன முக்கோணக் கண்ணாடி வழியா வேற காத்து. நம்ம காசுல குளிர வெச்ச காத்து ரோட்டுல போற கண்டவனுக்கெல்லாம் போகுது. எனக்கு வந்துச்சு பாருங்க ஆத்திரம். “அடைடா எல்லாத்தையும்! எறும்பு மூச்சு விடற அளவுக்குக்கூட எடம் இருக்கக் கூடாது”ன்னேன். முக்கோணக் கண்ணாடிக்குப் பசை வெச்சு ஒட்டினான். கண்ணாடி ஏத்தி எறக்கற கைப்பிடியைக் கழட்டிப்போட்டு, கண்ணாடியைச் சுத்தி ரப்பரு வெச்சு எறுக்கினான். கதவுக்குள்ள பஞ்சு மெத்தை மாதிரி ஒண்ணைத் திணிச்சான். கறுப்புத் தாள் ஒட்டினான். இந்தப் பக்கக் கண்ணாடியில வெளிய இருந்து பார்த்தா, பார்க்கறவன் மூஞ்சிதான் அவனுக்குத் தெரியும், நாம தெரிய மாட்டோம்.

அப்பத்தான் சொல்றான், “அண்ணா, பஞ்சு திணிச்சதுல உள் கைப்பிடிக் கம்பி மாட்டிக்கிச்சு. எல்லாக் கதவையும் பிரிச்சு மறுபடி செய்யோணும். இன்னும் ஒரு வாரம் குடுங்க.”

“கைப்பிடி எதுக்குடா? பெரிய மனுசன் எவன்டா தன் கதவைத் தானே தெறக்கறான்?”

அவன் கையைத் தொடைச்சான். அப்பறம் உள்ள போய் ஒரு சுத்தியலைக் கொண்டாந்து நீட்டினான். “இதை வண்டியிலயே வெச்சுக்குங்ணா.” எனக்குப் புரியாதுன்னு நெனைச்சான். சுத்தியலைப் புடுங்கி அவன் பட்டறை ஓட்டு மேலயே வீசினேன்.

இப்ப அதைத் தேடறீங்களாக்கும்? இல்லைங்க. இங்க இல்லை.

வண்டி வீட்டுக்கு வந்த அன்னைக்கு சாந்தாமணியை உட்கார வெச்சு ஒரு சுத்துச் சுத்தினேன். கண்ணாடியில கையை வெச்சுக்கிட்டே வந்தா. “காத்தே வரலைங்களே”ங்கறா. “காத்து வராம இருக்கறதுக்குப் பேருதான்டி ஏசி!” பட்டிக்காட்டுப் பொம்பளை, அவளுக்கு என்ன தெரியும். ஜன்னலோரம் உட்கார்ந்து கையை வெளிய நீட்டிட்டு வந்து பழக்கம். பஸ்ல போறப்பவே அப்படித்தான் வருவா, நான் திட்டிக்கிட்டே வருவேன், கை போயிரும்டின்னு.

ஆனா வண்டி வர்றதுக்குள்ள புள்ளைக்கு அங்கயே பிரசவம் ஆயிருச்சு. பொம்பளைப் புள்ளை. அந்தம்மாதான் கூட இருந்தாங்களாம். போன்ல சேதி கேட்டது சாந்தாமணிதான். அன்னைக்கெல்லாம் மாட்டுக்குத் தண்ணி வெச்சா, எனக்குச் சோறு வெச்சா. சாயங்காலம் வந்து என் முன்னால உட்கார்ந்தா. என் தோள்ல கெடந்த துண்டை உருவி, அவ கைமேல போட்டுக்கிட்டு, கையை நீட்டினா.

எத்தனையோ வருசம் கழிச்சுங்க. எனக்குச் சிரிப்பு வந்துருச்சு. கையை உள்ள விட்டேன்.

முழுக் கையையும் புடிச்சா. அஞ்சு. அஞ்சு நாள் புள்ளைகிட்ட இருக்கோணுமாம்.

நான் யாரு? மொதல் பேச்சுக்குத் தலையாட்டற ஆளா? அவ சுண்டு வெரலைப் புடிச்சேன். ஒண்ணு.

நாலு வெரலைப் புடிச்சா. நான் ஒண்ணு. மூணுக்கு வந்தா. ஒண்ணு. அவ புடி லேசாத் தளர்ந்துச்சு. சந்தையில எதிராளி புடி தளர்ந்தா என்ன அர்த்தம்? நாம கெட்டியா நிக்கோணும்னு அர்த்தம். நின்னேன். ரெண்டு. ம்ஹூம். கடைசில என்ற வெரல்ல ஒண்ணை மட்டும் புடிச்சா. ஒரு நாள். அதுவும் காலையில போய்த் தொட்டில் போட்டுட்டு, சாயங்காலம் என்னோடவே திரும்பி வர்றது. எத்தனையோ பழந்தின்னு கொட்டை போட்ட தரகனெல்லாம் என்கிட்ட அஞ்சுல ஆரம்பிச்சு மூணுல நிப்பான். அஞ்சுல இருந்து ஒண்ணு! அப்படி ஒரு பேரம் என் ஆயுசுல நான் முடிச்சதில்லைங்க. அவ கையை எடுத்தப்போ அந்தக் கை சில்லுன்னு இருந்துச்சு. ஏசிக்கு நேரா வெச்ச மாதிரி.

இதுல அவளுக்கு வருத்தம் ஒண்ணும் இல்லை. இருந்தா சொல்லியிருப்பாளே?

இன்னைக்குக் காலையில பாருங்க, மாம்பழக் கலர் சேலை கட்டி, தொட்டில் சேலை மடிச்ச பையை மடியில வெச்சுக்கிட்டு, நான் கூப்பிடறதுக்கு முன்னாலயே வண்டியில உட்கார்ந்துட்டா. ஆனி மாசம், மேகாத்து ஜில்லுன்னு அடிக்குது. “ஏனுங்க, இந்தக் காத்துக்கு ஏசி எதுக்குங்க?”ன்னா. போன வருசம் சித்திரையில சொன்ன பேச்சுக்கு இந்த ஆனியில பதில் சொல்லக் கூடாதா? இங்க வந்து முள்ளு ஏறி வண்டி நின்னதும் அவ சொன்னதும் ஒண்ணுதான். “பத்தரைக்குள்ள தொட்டில்ல போடோணும்னு சொன்னாங்க. பஸ்ல போயிரலாமுங்க. வண்டி இங்கயே நிக்கட்டும்.” நான் என்ன சொன்னேன்? என்னமோ சொன்னேன். கத்தினேன்னு வெச்சுக்குங்க. பின்ன? அந்தக் குட்டி எங்க ஓடிருமா? பத்தரையில போட்டா என்ன, பன்னெண்டுல போட்டா என்ன? “சரிங்க, துண்டைக் குடுங்க, தண்ணி கொண்டாறேன்”னு கேனை எடுத்தா. பையையும் எடுத்துட்டுப் போனா. எதுக்கும் கையிலயே இருக்கட்டும்னு நெனைச்சிருப்பா.

அதா வர்றா பாருங்க! நான் சொன்னனா இல்லையா? கேன் நெறையத் தண்ணி, தூக்க முடியாமத் தூக்கிட்டு வர்றா. என்ற பக்கமாத்தான் வர்றா. பாருங்க, என்னையப் பார்த்துப் பொட்டைச் சரி பண்ணிக்கறா. காத்துல கலைஞ்சிருச்சாட்டம் இருக்குது. முடியைக்கூட ஒதுக்கி விடறா. இந்த வயசுலயும் பாருங்களேன்.

ஏ சாந்தாமணி! கதவைத் தெற! இங்க சார் எறங்கோணுமாம்!

கேட்காது. இல்லை, அவளுக்குக் காது நல்லாத்தான் கேட்கும். நம்ம ரப்பரு அப்படி. அபுதாகிர் திட்டு வாங்கினாலும் வேலைக்காரன்.

என்ன பண்றா? கேனை வண்டி கூரை மேல வெக்கறா. துண்டை எதுக்கு விரிக்கறா? ஓஹோ, எனக்கு மூஞ்சியில வெயில் அடிக்குதுன்னு கண்ணாடிக்குத் தொங்க விடறா. கேனைத் துண்டு மேல நகர்த்தி வெச்சுட்டா, காத்துக்குப் பறக்காது. புத்திசாலிங்க. இருங்க, இருங்க. துண்டுக்கடியில கையை விடறா.

பார்த்தீங்களா! பேரம்! நடுரோட்டுல நின்னு பேரம் பேசறா என்ற பொண்டாட்டி! உள்ளங்கை முழுசாக் கண்ணாடியில ஒட்டியிருக்குது பாருங்க, வளையல்கூடத் தெரியுது. அஞ்சு. பழையபடி அஞ்சுக்கே வந்துட்டா! முடிஞ்ச பேரத்தை மறுபடி பேசறது சந்தைச் சட்டத்துல கெடையாது. ஆனாலும் பாருங்க, கையை நீட்டினா திருமூர்த்தி சும்மா இருப்பானா? இதா, வெக்கறேன் என்ற வெரலை. ஒண்ணு. இந்தா, நல்லாப் பாரு, ஒண்ணு.

அவளுக்குத் தெரியாதுங்களா? ஆமா, தாள் ஒட்டியிருக்குதே. தெரியாட்டிப் போகுது, பதில் என்னன்னு அவளுக்குத் தெரியாதா? எத்தனை வருசமாப் பார்த்துக்கிட்டு இருக்கறா.

இன்னும் வெச்சிருக்கறா. கண்ணாடி எத்தனை கனம் பாருங்க, கையோட சூடுகூட இந்தப் பக்கம் வரலை.

எடுத்துட்டா.

யோசிக்கறா. அப்படித்தானுங்க, பெரிய பேரத்துல நடுவுல கையை எடுத்து யோசிப்பாங்க. என்ன? கையை உருவிட்டா முடிஞ்சுதுன்னு நான் சொன்னனா? அது மாட்டுக்குங்க. துண்டை எடுத்தாத்தான் முழுசா முடிஞ்சுது. துண்டு இன்னும் கெடக்குதில்ல?

பின்னால பஸ்ஸா? உங்க பஸ்ஸுங்களா? கண்ணாடியில பாருங்க, திருப்பூர்னு போட்டிருக்குதா? போகட்டும் விடுங்க, நான் கூட்டிட்டுப் போறேன்னு சொன்னேன்ல. தட்டாதீங்க, யாருக்கும் கேட்காது. ஆரனை அடிக்கட்டுமா? இதா அடிக்கறேன், எளநிக்கடைக்காரன் வந்து தெறப்பான். அவ எங்க போனா? இந்தப் பக்கம் துண்டு மறைக்குது. எளநிக்கடைக்குப் போயிருப்பா. எனக்கு எளநி வாங்க.

அதா, போயிருச்சு உங்க பஸ். பாருங்க முன்னால, எவளோ ஒருத்தி ஜன்னல்ல கையை முழுசா வெளிய நீட்டிட்டுப் போறா. சேலைத் தலைப்பு கொடி மாதிரி பறக்குது. கண்டக்டர் என்ன பண்றான்? கை போயிருமில்ல. வீட்டுல சொல்லி வளர்க்க ஆளு இல்லைபோல.

மாம்பழக் கலருதான். இப்ப எல்லாரும் அந்தக் கலர்தான் கட்டறாங்க.

யாரு அங்க? எளநிக்கடைக்காரன். வாய்யா, வா, சாருக்குக் கதவைத் தெற. ஆங்... ஏன்யா, எப்ப இருந்து ஆரனை அடிக்கறேன், உனக்கு இப்பத்தான் வர நேரம் ஆச்சா? என்ன? சத்தமாச் சொல்லு, காத்துல ஒண்ணும் கேட்கலை. யாரு சொல்லுச்சு? பஸ் கெளம்பினப்பறம் தெறந்து விடச் சொல்லுச்சா? எந்தம்மா? நீ வேற யாரையோ சொல்ற. அஞ்சு நாள் கழிச்சு வரும்னா? யாருக்கிட்டச் சொல்லுச்சு? உன்கிட்டயா?

ஏய், ஏய், கேன்ல கையை வெக்காத! ரேடியேட்டருக்கு ஊத்தறியா? வேண்டாம், காயட்டும், எனக்குத் தெரியும். கேனை எடுத்தா துண்டு பறந்துரும். துண்டு கெடக்கற வரைக்கும் பேரம் முடியலை. உனக்கு என்னய்யா தெரியும், நீ எளநி சீவறவன். போ, போய்ப் பொழப்பைப் பாரு.

நீங்க எறங்குங்க சார். பரவாயில்லைங்க, அடுத்த பஸ் வரும். நானா? நான் எப்படி எறங்கறது, காலை எடுத்தா வண்டி நின்னுபோகுமே. முள்ளு போகட்டும். அவ வர்றப்போ உள்ள குளுகுளுன்னு இருக்கோணும், அதுக்குத்தான இத்தனையும். சொல்லிக்கிட்டே நிக்கறீங்களே, காத்து உள்ள வருது பாருங்க.

கதவைச் சாத்துங்க. அப்படி இல்லீங்க, அடிச்சு. இன்னும். ஓங்கி.